வயல் வயிற்றுக்கு, வரப்பு வண்டிக்கு



சுற்றுலா சென்று வந்தவர்கள் கோயிலைப் பற்றியும் அருவியைப் பற்றியும் எழுதுவதே ஆண்டு மலரின் வழக்கம். நாங்களும் அரையாண்டு விடுமுறையில் கர்நாடக மாநிலத்தின் ஹாசன் மாவட்டத்திற்குச் சென்று வந்தோம். பேலூர்ச் சிற்பங்களைக் கண்டு வியந்தோம். சிரவணபெளகுளத்தில் படியேறிக் களைத்தோம். எனினும் இம்மலரில் நாங்கள் எழுத விரும்புவது அவற்றைப் பற்றியன்று. எண்ணெய் வாடை வீசும் ஒரு சிறு பட்டறையில் இரண்டு மணி நேரம் நின்று கண்டதைப் பற்றியே எழுத விரும்புகிறோம். அங்கே எங்களுக்குள் எழுந்த விவாதம் பேருந்து திருத்தணி வந்து சேரும் வரை ஓயவில்லை. உண்மையைச் சொன்னால், இன்றளவும் ஓயவில்லை.

ஹாசன் நகருக்கு அருகே மடேனூர் என்னும் ஊரில் உயிரி எரிபொருள் பூங்கா ஒன்று உள்ளது. பெங்களூரு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2007-ஆம் ஆண்டு தொடங்கிய பூங்கா இது. பூங்கா என்றதும் ஊஞ்சலையும் ரோஜாச் செடிகளையும் எதிர்பார்த்துச் சென்ற எங்களுக்குப் பெரும் ஏமாற்றம்! புங்கம், வேம்பு, இலுப்பை, சீமரூபா என்று எண்ணெய் வித்து தரும் மரங்களே அங்கு நாயகர்கள். இம்மரங்களின் விதையைப் பிழிந்து, அந்த எண்ணெயை டீசல் எஞ்சினுக்கு ஏற்ற எரிபொருளாக மாற்றுவது எப்படி என்று விவசாயிகளுக்கும் மாணவர்களுக்கும் அங்கே செய்து காட்டுகிறார்கள்.

செய்முறை அப்படியொன்றும் மாயமில்லை. விதையை உடைத்துப் பருப்பை எடுத்து எந்திரச் செக்கில் பிழிகிறார்கள். வரும் எண்ணெய் கெட்டியானது. அதை அப்படியே எஞ்சினில் ஊற்றினால் நாளடைவில் கரி படிந்து குழாய் அடைத்துவிடும். ஆகவே எண்ணெயைச் சுமார் 60 பாகை அளவுக்குச் சூடாக்கி, மெத்தனாலையும் சிறிதளவு எரிசோடாவையும் சேர்த்துக் கலக்குகிறார்கள். லிட்டர் எண்ணெய்க்கு ஏறக்குறைய 200 மில்லி லிட்டர் மெத்தனால் வேண்டும். புங்க எண்ணெயில் அமிலம் மிகுதி என்பதால் முதலில் அதைக் குறைத்துக்கொள்ள வேண்டும். அமிலத்தின் அளவை அறிய, நம் ஆய்வுக்கூடத்தில் இளஞ்சிவப்பு நிறம் காட்டும் அதே பினாப்தலீன்தான் அங்கும் உதவுகிறது! கலவையைத் தெளியவிட்டால், கனமான கிளிசரின் கீழே தங்கிவிடும். மேலே பொன்னிறத்தில் நிற்பதை நீரால் கழுவி உலர்த்தினால் உயிரி டீசல் ஆயத்தம்.

இதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தக் கேள்வி பிறந்தது. அங்கே விதை புடைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மையார் கோலார்ப் பக்கத்தவர், தெலுங்கு பேசினார். எல்லை ஊர்ப் பிள்ளைகளாகிய எங்களுக்குத் தெலுங்கு புரியாதா என்ன? கன்னடத்தில் ஹொங்கே எனவும் தெலுங்கில் கானுக எனவும் வழங்குவது நம் புங்க மரமே. "இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தீர்கள்? உங்கள் ஊரில் கானுக மரமே கிடையாதா?" என்று அவர் கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. பொதட்டூர்பேட்டையிலும் பள்ளிப்பட்டுச் சாலையிலும் நாங்கள் நாள்தோறும் பேருந்துக்குக் காத்து நிற்கும் நிழல் புங்க நிழல்தானே! காலடியில் கிடக்கும் அதன் காய்களைச் செருப்பால் தள்ளி விளையாடியதைத் தவிர நாம் வேறென்ன செய்திருக்கிறோம்?

ஆனால் திரும்பும் வழியில் பேருந்தில் எல்லாரும் மகிழ்ந்து பேசிக்கொண்டிருக்க, எங்களுள் ஒருத்தி மட்டும் வாய் திறக்கவில்லை. காரணம் கேட்டபோது தன் தாத்தாவின் கதையைச் சொன்னாள். அவருக்கு மூன்று ஏக்கர் மானாவாரிக் கொல்லை. ஆண்டுதோறும் வேர்க்கடலை போட்டு வந்தவர், 2006-ஆம் ஆண்டு அதை விடுத்துக் காட்டாமணக்கு நட்டாராம். தண்ணீர் வேண்டாம், உரம் வேண்டாம், ஆடு மாடு கடிக்காது, விதையை நாங்களே வாங்கிக்கொள்வோம் என்று வந்தவர்கள் சொன்னார்கள். மூன்றாம் ஆண்டும் செடியில் காய் இல்லை. வாங்குகிறோம் என்றவர்களும் திரும்பி வரவில்லை. நான்காம் ஆண்டு ஆள் வைத்து வேரோடு பிடுங்கி எறிந்தார். பிடுங்கிய கூலிக்கும் கடன்! "எரிபொருள், எரிபொருள் என்கிறீர்களே, எங்கள் வீட்டில் எரிந்தது வயிறுதான்" என்று அவள் சொன்னபோது பேருந்தில் சற்று நேரம் பேச்சே எழவில்லை.

இது ஒரு தாத்தாவின் துயரம் மட்டுமன்று. 2003-ஆம் ஆண்டு மத்தியத் திட்டக் குழு அமைத்த வல்லுநர் குழு, காட்டாமணக்கை ஒரு கோடி ஹெக்டேருக்கும் மேல் பயிரிட்டு, 2012-ஆம் ஆண்டு வாக்கில் டீசலில் நூற்றுக்கு இருபது பங்கு உயிரி டீசல் கலக்கலாம் என்று கணக்கிட்டது. கணக்குக் காகிதத்தில் நின்றது. தண்ணீரின்றிச் செடி உயிர் வாழும் என்பது உண்மையே. ஆனால் தண்ணீரின்றி அது காய்த்துக் குலுங்காது என்பதை யாரும் உரக்கச் சொல்லவில்லை. பல மாநிலங்களிலும் விவசாயிகள் கைப்பொருள் இழந்தனர். 2018-ஆம் ஆண்டின் தேசியக் கொள்கை, 2030-க்குள் ஐந்து பங்கு என்று இலக்கைக் குறைத்துக்கொண்டது. அந்த ஐந்துக்கும் நாடு இன்னும் நெடுந்தூரம் நடக்க வேண்டியுள்ளது.

அப்படியானால் மடேனூரில் கண்டது பொய்யா? தாத்தாவின் அனுபவம் பொய்யா? இரண்டுமே மெய் என்பதுதான் எங்கள் முடிவு. வேறுபாடு மரத்தில் மட்டும் இல்லை. அது நிற்கும் இடத்திலும் இருக்கிறது. மடேனூரில் விவசாயிக்குச் சொல்லப்படும் அறிவுரை, வயலில் பயிரை எடுத்துவிட்டு மரம் நடு என்பதன்று. வரப்பிலும் வேலியோரத்திலும் தரிசிலும் நடு, வயலைத் தொடாதே என்பதே. மரம் காய்த்தால் இலாபம். காய்க்காவிட்டாலும் அடுப்புக்குச் சோளமும் ராகியும் குறையா. எங்கள் தோழியின் தாத்தாவோ வயலையே பணயம் வைத்தார். வயல் வயிற்றுக்கு, வரப்பு வண்டிக்கு! இந்த ஒரு வரியை மறந்ததே அன்றைய பெருந்திட்டத்தின் பிழை என்று நாங்கள் கருதுகிறோம்.

விஞ்ஞான வரலாறும் இங்கே சிந்திக்கத் தக்கது. 1900-ஆம் ஆண்டு பாரிஸ் நகரத்துப் பொருட்காட்சியில் டீசல் எஞ்சின் ஒன்று ஓடிக் காட்டியது கடலை எண்ணெயில்! எஞ்சினைக் கண்டுபிடித்த ருடால்ஃப் டீசலே தாவர எண்ணெய்க்கு எதிர்காலம் உண்டு என்று நம்பியவர். ஆனால் நம் நாட்டில் உண்ணும் எண்ணெயை எஞ்சினுக்கு ஊற்ற முடியுமா? நாம் பயன்படுத்தும் கச்சா எண்ணெயில் நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. சமையல் எண்ணெயிலும் பாதிக்கு மேல் அப்படியே வருகிறது. 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் இறுதியில் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியைச் சில வாரங்கள் நிறுத்தியபோது நம் ஊர் மளிகைக் கடையிலும் விலை ஏறியதை நம் தாய்மார் மறக்கவில்லை. அந்த நாட்டில் பாமாயிலின் கணிசமான ஒரு பகுதி டீசலோடு கலக்கப்படுகிறது என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். எங்கோ ஓடும் லாரிக்கும் நம் வீட்டு வாணலிக்கும் இடையே போட்டி! அந்தப் போட்டியில் வாணலி வெல்லாது. லாரிக்காரரிடம் காசு அதிகம்.

நம் முன்னோர் இதில் தெளிவாக இருந்தனர். கோயில் விளக்குகளுக்கு இலுப்பை எண்ணெயைப் பெரிதும் பயன்படுத்தினர். தின்ன ஓர் எண்ணெய், எரிக்க ஓர் எண்ணெய் என்று பிரித்து வைத்தனர். தஞ்சையில் 1892-ஆம் ஆண்டு பிறந்த பொருளாதார மேதை ஜே. சி. குமரப்பா, வார்தாவில் கிராமக் கைத்தொழில்களை வளர்த்தபோது, மண்ணெண்ணெய்க்கு மாற்றாகத் தாவர எண்ணெயில் எரியும் மகன் தீபம் என்னும் விளக்கைப் பரப்பினார். 1945-ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலில், நிலத்தடியில் தேங்கிக் கிடக்கும் நிலக்கரியையும் பெட்ரோலியத்தையும் நம்பி நடக்கும் வாழ்வு சண்டைக்கே வழிவகுக்கும் என்றும், ஆண்டுதோறும் ஓடி வரும் ஆற்றுநீர் போல இயற்கை புதுப்பித்துத் தருவதைக் கொண்டு நடக்கும் வாழ்வே அமைதி தரும் என்றும் அவர் விளக்கினார். புங்கங்காய் ஆண்டுதோறும் உதிர்கிறது. அதற்காக எந்த நாடும் எந்த நாட்டின்மீதும் படையெடுக்கத் தேவையில்லை!

இனி, கணக்கைப் பார்ப்போம். உணர்ச்சி மட்டும் போதாதன்றோ? ஒரு கிராமத்தில் நூறு குடும்பங்கள் உள்ளன என்று கொள்வோம். குடும்பத்துக்கு ஐந்து புங்க மரங்கள் வரப்பில் நிற்கின்றன. மரத்துக்கு ஆண்டுக்குப் பத்துக் கிலோ விதை என்று குறைவாகவே வைத்துக்கொள்வோம். மொத்தம் 5,000 கிலோ விதை. நான்கு கிலோவுக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் வீதம் 1,250 லிட்டர் எண்ணெய் கிடைக்கும். ஒரு நாளுக்குப் பங்கிட்டால் மூன்றரை லிட்டருக்கும் சற்றுக் குறைவு. ஒரு சிறு டீசல் பம்பு நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் ஓடலாம், அவ்வளவே. பொதட்டூர்பேட்டையின் விசைத்தறிகளை இது ஓட்டுமா என்று கேட்டால், ஓட்டாது. 2012-ஆம் ஆண்டு வாக்கில் தமிழகத்தை மின்வெட்டு வாட்டியபோது தறிகள் மணிக்கணக்கில் நின்றதை எங்கள் பெற்றோர் இன்றும் சொல்வார்கள். புங்க எண்ணெய் அன்று இருந்திருந்தாலும் அந்தக் குறையைத் தீர்த்திராது. இதை மறைத்துப் பேசுவது மறுபடியும் காட்டாமணக்குக் கதையாகிவிடும்.

ஆனால் கணக்கில் இன்னொரு பக்கம் உண்டு. எண்ணெய் போக மீதி என்ன? 3,700 கிலோவுக்கும் மேல் பிண்ணாக்கு! புங்கம் பிண்ணாக்கில் நூற்றுக்கு நான்கு பங்கு அளவில் தழைச்சத்து இருக்கிறது. ஆக ஏறத்தாழ 150 கிலோ தழைச்சத்து. யூரியாவாக வாங்கினால் 45 கிலோ மூட்டை ஏழு வாங்க வேண்டும். மக்கிய எருவோடு பிண்ணாக்கைச் சேர்த்து இட்டால் மண்ணும் பொலபொலப்பாகும். புங்கந்தழையை நெல் வயலில் மிதித்து உரமாக்கியவர்கள் நம் பாட்டனார்தாமே! உயிரி டீசல் பட்டறை இருக்க வேண்டிய இடம் எரு தயாரிக்கும் பண்ணையின் பக்கம் என்று எங்களுக்குத் தோன்றியது இதனால்தான். அங்கே எதுவும் வீணாகாது. பிண்ணாக்கு எருக்குழிக்குப் போகும். கிளிசரினையும், அதில் தங்கிய மெத்தனாலை நீக்கிய பிறகு, சிறுகச் சிறுக எருவில் சேர்க்கலாம். எண்ணெய் என்பது மண்ணுக்குச் செய்யும் தொண்டின் இடையே கிடைக்கும் கூலி. கூலியைப் பெரிதாக்கித் தொண்டை மறந்தால் இரண்டும் கெடும்.

சிறிய பட்டறையால் என்ன ஆகும் என்று ஏளனம் செய்வோருக்கு ஒடிசாவின் மலைக்கிராமம் ஒன்றைக் காட்டுகிறோம். கிஞ்ச்லிங்கி என்பது அதன் பெயர். கிராம் விகாஸ் என்னும் தொண்டு நிறுவனத்தோடு சேர்ந்து, 2003-ஆம் ஆண்டு உலக வங்கியின் பரிசு பெற்ற ஒரு திட்டத்தின்கீழ், அங்கே இலுப்பை இனத்து மஹுவா விதையிலிருந்தும் பேயெள்ளிலிருந்தும் உயிரி டீசல் தயாரித்தார்கள். கலக்கும் எந்திரத்துக்கு மின்சாரம் இல்லை. மிதிவண்டி மிதிப்பது போல் மிதித்தே கலக்கினார்கள்! அந்த டீசலில் ஓடிய பம்பு வீடுகளுக்குத் தண்ணீர் ஏற்றியது. குடத்தைத் தலையில் சுமந்து மேடேறும் வேலை யாருடையது என்பதைப் பெண்களாகிய நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சில லிட்டர் எண்ணெய் ஒரு நாட்டுக்குச் சிறிது. ஒரு கிராமத்துப் பெண்ணின் தலைச்சுமைக்கு அது பெரிது.

பெண்களைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். புங்கங்காயைப் பொறுக்குவதும், உடைப்பதும், புடைப்பதும் யார் செய்யும் வேலை? மடேனூரில் எங்களிடம் கேள்வி கேட்ட அந்த அம்மையாரைப் போன்றவர்களே. விதைக்கு நியாயமான விலை கிடைக்காவிட்டால், குனிந்து பொறுக்கும் முதுகுக்கு வலி மட்டுமே மிஞ்சும். மலிவான எரிபொருள் என்ற பெயரில் மலிவான கூலியைத் தேடுவது நமக்கு அழகன்று. விதையின் விலையை முதலில் எழுதிவிட்டுத்தான் எண்ணெயின் விலையை எழுத வேண்டும்.

வரப்பில் காய்ப்பது ஒன்று. அடுக்களையில் மிஞ்சுவது மற்றொன்று. பலமுறை பொரித்த எண்ணெயிலிருந்தும் உயிரி டீசல் செய்யலாம். உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ஆம் ஆண்டு, கெட்டுப்போன எண்ணெயை அளந்தறிய ஒரு வரம்பை விதித்து, அதைத் தாண்டியதைச் சமையலில் சேர்க்கக் கூடாது என்றது. அத்தகைய எண்ணெயைத் திரட்டி எரிபொருளாக்கும் திட்டத்தையும் அறிவித்தது. நல்ல திட்டம்தான். ஆனால் எங்களுள் ஒருத்தியின் தாயார் மாலையில் பஜ்ஜி, போண்டா போட்டுப் பிழைப்பவர். ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலையடிவாரத்தில் கூட்டம் பொங்கும்போது அவரும் கடை போடுவார். எண்ணெய் கறுத்துப் போனால் கொட்டிவிடு என்று அவரிடம் சொல்வது எளிது. கொட்டுவது அவருடைய அன்றைய இலாபம் ஆயிற்றே! கறுத்த எண்ணெயைக் குறைந்த விலைக்கு வாங்கிச் செல்வோர் உண்டு. அது மறுபடியும் ஏதோ ஓர் ஏழையின் வயிற்றுக்கே போய்ச் சேர்கிறது. அபராதம் மட்டும் போட்டால் எண்ணெய் ஒளிந்துகொள்ளும். அதைவிட ஒரு காசேனும் கூடுதலாகக் கொடுத்து எரிபொருளுக்கு வாங்கிக்கொள்ள ஆள் வந்தால், அந்தத் தாயார் தாமே எடுத்துக் கொடுப்பார். இதை அவரிடமே கேட்டோம். "வந்து வாங்கச் சொல்லுங்கள், நான் ஏன் பிள்ளைகளுக்குக் கெட்டதைப் போடப் போகிறேன்?" என்றார். இதற்கு மேல் வாதம் வேண்டுமா?

ஓர் எச்சரிக்கை! இக்கட்டுரையைப் படித்துவிட்டு எந்தத் தங்கையும் வீட்டு அடுப்படியில் இதைச் செய்து பார்க்க முற்படக் கூடாது. மெத்தனால் கொடிய நஞ்சு. சிறிதளவு உள்ளே போனாலும் கண்பார்வையைப் பறிக்கும், உயிரையும் குடிக்கும். 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட சாராயத்தில் கலந்திருந்தது இதுவே. அதன் சுடர் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கும் தெரியாது. எரிசோடா தோலை அரித்துவிடும். பயிற்சி பெற்றவர்கள், காற்றோட்டமான இடத்தில், கண்ணாடியும் கையுறையும் அணிந்து செய்யும் வேலை இது. நம் பங்கு எண்ணெயைச் சேர்ப்பதும் மரத்தை வளர்ப்பதுமே.

ஆகவே எங்கள் கருத்தைச் சுருக்கிச் சொல்கிறோம். விளைநிலத்தை எரிபொருளுக்குக் கொடுக்கச் சொல்லி எவர் வந்தாலும், எவ்வளவு இனிப்பாகப் பேசினாலும், வேண்டாம் என்று சொல்வோம். வரப்பில் மரம் நடச் சொன்னால் மகிழ்ந்து நடுவோம். பிண்ணாக்கை மண்ணுக்கே திருப்புவோம். பொறுக்கும் கைக்கு உரிய கூலியைக் கேட்போம். நம் ஊராட்சியும் பேரூராட்சியும் சாலையோரப் புங்கங்காயைப் பெருக்கிக் குப்பையில் கொட்டாமல், சுய உதவிக் குழுப் பெண்களிடம் ஒப்படைத்தால் என்ன? திருவிழாக் கடைகளின் பழைய எண்ணெயை விலைக்கு வாங்க ஒரு வழி செய்தால் என்ன? இவற்றுக்குக் கோடிக் கணக்கில் பணம் தேவையில்லை. மனம் வேண்டும்.

நாங்களும் சும்மா இருக்கவில்லை. ஹாசனிலிருந்து திரும்பிய மாதமே பள்ளி மதிலோரம் பன்னிரண்டு புங்கங்கன்றுகள் நட்டோம். இரண்டு பட்டுப்போயின. பத்து துளிர்த்து நிற்கின்றன. முதல் நாள் தண்ணீர் ஊற்றியவள், தாத்தாவின் கதையைச் சொன்ன அதே தோழி. "இது மதிலோரம்தானே, யாருடைய கொல்லையையும் எடுத்துக்கொள்ளவில்லையே" என்று சொல்லிக்கொண்டே ஊற்றினாள். இவை காய்க்க ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். அப்போது நாங்கள் இங்கே இருக்க மாட்டோம். இப்போது ஆறாம் வகுப்பில் படிக்கும் தங்கையரே, காய்கள் உங்கள் காலடியில்தான் விழும். செருப்பால் தள்ளிவிடாதீர்கள், குனிந்து எடுங்கள்!

— மேனிலை முதலாமாண்டு மாணவியர்